ஆறாவது கியர்

காந்தத்தோடு வந்திருந்தான் சீனி அசனார்.
பெரியபட்டினத்திலிருந்து இரண்டு பஸ் மாறி,
சட்டைப்பையில் ஒரு காந்தம்.
கதவுகளின் அடிவிளிம்பில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தான்.
ஒட்டாத இடமெல்லாம் பட்டி.
பின் இடது கதவில் அது
நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது.

"இது என்னக்கா?"
"உப்பு."
மண்டபத்தில் ஒன்பது வருஷம் நின்ற வண்டி.
வடகடல் ஒரு பக்கமும்
தென்கடல் மறுபக்கமும் நக்கிய வண்டி.

விற்கிறவள் பேசும் பேச்சில்லை அது.
எனக்கே தெரிந்தது, நிறுத்த முடியவில்லை.
மூன்றாவது கியர் காலையில் முரண்டு பிடிக்கும்.
டர்போ ஒரு மூச்சு யோசித்துவிட்டுத்தான் தள்ளும்.
எத்தனை முறை கழுவினாலும்
மழை நாளில் ஏசியில் நண்டு வாசம் வரும்,
நண்டுக் கம்பெனிக்காரி கார் வேறெப்படி இருக்கும்?
இடது முன்விளக்குக்குள் நீர் கோத்து நிற்கும்
கண்புரை மாதிரி.

சொல்லச் சொல்ல அவன் முகம் மலர்ந்தது.
"இவ்வளவு உண்மை பேசுற ஆளை நான் பார்த்ததில்லக்கா"
என்று
தானாகவே பத்தாயிரம் ஏற்றிச் சொன்னான்.

உண்மையா அது?
உன்னை எவனும் வாங்கிவிடக் கூடாதென்று
அடுக்கிய புகார்கள்.

ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டான்.
பதில் தயாராக இருந்தது:
பார்ட்ஸ் மதுரையில்தான் கிடைக்கும், சர்வீஸ் செலவு தாங்கவில்லை.
மார்ச் மாதத்து விடியலைச் சொல்லவில்லை.

முகுந்தராயர் சத்திரம் தாண்டிய நேர்ரோடு.
இருபுறமும் தண்ணீர்.
நீயும் நானும் ஆறாவது கியரும்.
ஒரு வெள்ளைக் கார், சத்தமே இல்லாமல்,
நாம் நிற்கிறோம் என்பதுபோல்
கடந்துபோனது.
அதற்கு ஒரு பறவையும் அசையவில்லை.
பின்னால் உறுமிக்கொண்டு போன நமக்குத்தான்
பூநாரைகள் மொத்தமாக எழுந்தன.

ரோடு முடியும் வளைவில் இறங்கி
உன் பானட்டில் கை வைத்தேன்.
கொதித்தது.
பாவம், முடிந்தவரை ஓடியிருந்தாய்.

பாவம் என்று நினைத்தேனே,
அந்த நொடியில்தான் உன்னை விற்றேன்.
கையெழுத்துப் போட்டது ஆறு மாசம் கழித்து.

ரெக்ஸ் கேட்டார்:
"இதைவிட வேகமான வண்டி வாங்கினா ரோடு நீளுமா?
கடல்தான் சீக்கிரம் வரும்."
சிரித்தேன்.
முன்பணம் அதற்கு முந்தின நாளே போயிருந்தது.

சாவியை வாங்கியவன் பிஸ்மி சொல்லி உட்கார்ந்தான்.
சீட்டை முன்னுக்கு இழுத்தான், கண்ணாடியைத் திருப்பினான்,
ஒன்பது வருஷத்து என் உயரத்தை இரண்டு அசைவில் அழித்தான்.
கிளட்ச்சை விட்டதும் நீ அணைந்தாய்.
என்னிடம் ஒருநாளும் அணையாதவள் என்று
நினைத்துக்கொண்டேன்.
பொய். உச்சிப்புளி ரயில்வே கேட்டில் மட்டும்
எத்தனை முறை.

புதுசு வந்து மூன்று வாரம்.
அதுவும் சத்தம் போடாது.
தொட்டால் முதுகை சீட்டோடு ஒட்டவைக்கிறது.
எனக்குப் பிடித்திருக்கிறது, மறைக்க என்ன இருக்கிறது.
பாட்டு இல்லாமல் ஓட்டத்தான் கூச்சமாக இருக்கிறது,
யாரோ பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பதுபோல.

நேற்று திருப்புல்லாணி தாண்டி
முன்னால் நீ.
டிக்கி மூடாமல் கயிற்றால் கட்டி, உள்ளே கிரைண்டர்.
பின் சீட்டில் நாலு குழந்தைகள்.
நாற்பத்தைந்தில் போய்க்கொண்டிருந்தாய்.
மிதித்தேன்.
உன்னைத் தாண்ட ஒரு மூச்சுகூட ஆகவில்லை.

பிறகு கண்ணாடியில் பார்த்தேன்.
ஓடிவரும் உன் முகத்தை
அதுவரை நான் பார்த்ததே இல்லை.
எப்போதும் உள்ளேயே இருந்திருக்கிறேன்.
சின்னதாக, கோபமாக, ஒரு கண் மங்கலாக
வந்துகொண்டிருந்தாய்.

காலைக் கொஞ்சம் எடுத்தேன்.
இன்னும் கொஞ்சம்.
நீ நெருங்குவதற்குள்
பெரியபட்டினம் போகும் பக்கம் திரும்பிவிட்டாய்,
இண்டிகேட்டர் போட்டு.
நான் ஒருநாளும் உனக்கு அதைப் போட்டதில்லை.